கோடு அண்ணனும் நாற்பது மொழி தெரிந்த மிஷினும்

அச்சகத்தில் பைண்டிங் வேலைக்கு நான் சேர்ந்த இரண்டாவது வாரம், என் மேசைக்கு வரும் வேலைச் சீட்டு மாறிவிட்டது. எந்தத் தாளை எத்தனை மடிப்பு மடிக்க வேண்டும், எத்தனை பிரதி, எந்த அட்டை என்று பக்கம் அமைப்பவர் அடித்துக் கொடுக்கும் சீட்டு அது. முதல் வாரம் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். படிப்பேன், ஆனால் எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு சொல்லில் பாதி வரியின் ஓரத்தில் கோட்டோடு நின்று, மீதி கீழ் வரியில் கிடந்தால் போச்சு. மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போவதற்குள் அந்தச் சொல் யாரோ அசலார் போலாகிவிடும். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சீட்டை வைத்துக்கொண்டு உதடு அசைய நான் நின்றதை யாரும் பார்த்ததாகவும் தெரியவில்லை.

இரண்டாவது வாரம் முதல் சீட்டு பெரிய எழுத்தில் வந்தது. ஒரு சொல்கூட உடையவில்லை. அச்சகத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆறு வருஷம் கழித்து ஒருநாள் அச்சு ஓட்டுபவரின் மேசையில் அவருடைய சீட்டைப் பார்த்தேன். அதே எறும்பு, அதே கோடு. பக்கம் அமைப்பவரிடம் போய்க் கேட்டேன்.

"அண்ணே, எனக்கு மட்டும் ஏன் பெரிய எழுத்துல அடிக்கிறீங்க?"

"உன் மேசை தூரத்துல இருக்குல்ல," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவ்வளவுதான். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அவரைத்தான் நாங்கள் எல்லோரும் கோடு அண்ணன் என்று கூப்பிடுவோம். பக்கத்தின் வலது ஓரம் ஒரே சீராக நிற்க வேண்டும் என்றால், இடம் போதாத சொல்லை உடைத்து, ஒரு சின்னக் கோடு போட்டு, மிச்சத்தைக் கீழே தள்ளுவார்கள் அல்லவா, அந்தக் கோடுதான் அவருடைய வாழ்க்கை. அடித்த பக்கத்தைக் கையில் எடுத்ததும் எழுத்தைப் பார்க்க மாட்டார், ஓரத்தைப் பார்ப்பார். அடுத்தடுத்து மூன்று வரி கோட்டில் முடிந்தால், "ஏணி வச்சிருக்கான் பாரு, படிக்கிறவன் இதுல ஏறி ஓடிரட்டும்னு," என்று கத்துவார். அவருடைய மனைவி, எங்கள் அண்ணி, வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர். ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தவர் இதைக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "வீட்டுல இவர் ஒரு வாக்கியத்தையும் முடிச்சதில்லம்மா. 'அந்த... அது எங்க'ம்பாரு. எதுன்னு நாமதான் கண்டுபிடிக்கணும். ஊரார் வாக்கியத்த மட்டும் எங்க உடைக்கணும்னு இவருக்கு அத்துபடி."

ஆள் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்க மாட்டார். கூன் விழுந்த முதுகு, நூல் கட்டிய கண்ணாடி, பிஸ்கட் தூள் விழுந்த சட்டை. அவருடைய விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினால் ஒரு எறும்புக் குடும்பம் ஒரு மாதம் உட்கார்ந்து சாப்பிடலாம். அவர் கணினியைக் கூப்பிடுவது "டேய்" என்றுதான். நான் நாளுக்கு இரண்டு வேளை கடவுளைக் கும்பிடுகிறவள். அவர் நாளுக்கு இரண்டு வேளை கணினியைத் திட்டுகிறவர். "ரெண்டு பேருக்கும் இதுவரைக்கும் பதில் வரலல்ல?" என்று கேட்டுச் சிரிப்பார். எனக்குக் கோபம் வரும். பிறகு யோசித்தால் சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்புக்காகத் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன்.

எங்கள் அச்சகத்துக்கு வரும் வேலை பாதிக்கு மேல் மும்மொழி வேலை. தமிழ், ஆங்கிலம், அப்புறம் அரசாங்க அலுவலகங்களில் எழுதுகிற மொழி. ஒரே பக்கத்தில் மூன்றும் இருக்கும். அண்ணன் ஒவ்வொரு பத்தியாகத் தேர்ந்தெடுத்து, இது இன்ன மொழி என்று கணினிக்குச் சொல்லுவார். இதை ஏன் இப்படி மெனக்கெட்டுச் செய்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன்.

"உங்க அண்ணிகிட்ட ஒரு துணியக் குடுத்துட்டு, இது புடவையா சட்டையான்னு சொல்லாம வந்துட்டா என்ன ஆகும்?"

"அண்ணி கேப்பாங்க."

"அண்ணி கேப்பா. இவன் கேக்க மாட்டான். பாட்டுக்குப் புடவைக்குக் கை வச்சுத் தச்சுருவான். ஒவ்வொரு மொழியிலயும் சொல்ல உடைக்க ஒரு எடம் இருக்கு. இவனுக்கு அந்த எடமெல்லாம் தெரியும். ஆனா கையில இருக்கிறது எந்த மொழின்னு நாமதான் சொல்லணும்."

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் கழுத்தில் டை கட்டிய ஒருவர் புது மென்பொருள் விற்க வந்தார். முதலாளியையும் அண்ணனையும் உட்கார வைத்து, இது தானாகவே சொல்லை உடைக்கும், தானாகவே கோடு போடும், இதற்கு நாற்பது மொழி தெரியும் என்றார்.

"எனக்கு ரெண்டரை தெரியும்," என்றார் அண்ணன். "பொண்டாட்டி பேசுறது எனக்குப் பாதிதான் புரியுது."

முதலாளி சிரிக்கவில்லை. அவர் அண்ணனைவிடப் பதினைந்து வயது சின்னவர். அப்பாவிடமிருந்து அச்சகத்தையும், அதோடு சேர்த்து அண்ணனையும் வாங்கிக்கொண்டவர். நல்ல மனிதர்தான், ஆனால் புதிதாக எதைப் பார்த்தாலும் குழந்தை மாதிரி ஆகிவிடுவார். மென்பொருளை வாங்கிவிட்டார்.

அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். நடந்தது வேறு. மூன்றாவது நாளே அவருக்கு அந்த மென்பொருளின் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. "கெட்டிக்காரப் பயடா நீ," என்று திரையைப் பார்த்துச் சொன்னதை என் காதால் கேட்டேன். இரண்டு நாள் வேலையை அரை நாளில் முடித்துவிட்டு, என் மேசைப் பக்கம் வந்து நின்று பிஸ்கட் தின்றார்.

அங்கேதான் வினை பிடித்தது. வேலை அரை நாளில் முடிகிறது என்றால் ஆள் எதற்கு முழு நாள் என்று முதலாளிக்குத் தோன்றிவிட்டது. போதாக்குறைக்கு அண்ணனுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. அந்த மாதம் ஒரு பள்ளிக் கையேட்டில் பக்க எண் தப்பிப்போய், அச்சடித்த தாள் ஒரு கட்டு குப்பைக்குப் போயிற்று. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் முதலாளி சொன்னார்:

"அண்ணே, அப்பா காலத்து ஆளுன்னு நானும் பொறுத்துக்கறேன். இன்னொரு பாரம் வீணாச்சுன்னா நீங்க வீட்டுக்குப் போயிருங்க. இந்த மென்பொருளே பாத்துக்கும். நான் உக்காந்து பட்டனத் தட்டிக்கறேன்."

பாரம் என்பது ஒரே தாளில் சேர்த்து அடிக்கும் பதினாறு பக்கம். அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு வேறு எங்கே போய் வேலை கேட்பார்? அண்ணியின் தையல் வருமானம் வீட்டு வாடகைக்கே காணாது. இந்த நாற்காலி போனால் இந்த ஊரும் போச்சு, தூரத்து ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று அண்ணி என்னிடம் சொல்லியிருந்தார். "மருமகன் வீட்டு நாற்காலியில நிமுந்து உக்கார முடியாதும்மா," என்றார். நிமிர்ந்து உட்காரும் பழக்கம் அண்ணனுக்கு எப்போதுமே கிடையாது என்பது வேறு விஷயம்.

அந்த நேரத்தில்தான் எங்கள் வழிபாட்டுக் கூடத்தின் பாட்டுப் புத்தகம் அச்சுக்கு வந்தது. நான் வாராவாரம் போகும் கூடம்தான். நூற்றுப்பத்துப் பாட்டு, மூன்று மொழி, மூவாயிரம் பிரதி. எனக்கோ தலைகால் புரியவில்லை. நான் தைக்கும் புத்தகத்தை வைத்து நானே பாடப் போகிறேன்! அண்ணனிடம் போய், பயபக்தியோடு செய்யச் சொன்னேன்.

"பயம் இருக்கு. முதலாளி மேல," என்றார். "பக்திய நீ பாத்துக்க."

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பாட்டுகளில் கடவுளின் பெயர் வருகிற இடமெல்லாம் அந்தப் பெயர் உடையாமல் பார்த்துக்கொண்டார். மென்பொருளில் உடைக்கக் கூடாத சொற்கள் என்று ஒரு பட்டியல் வைக்கலாமாம். அதில் முதல் ஆளாகக் கடவுளைப் போட்டார். நம்பாதவர் இதை ஏன் செய்கிறார் என்று எனக்கு ஆச்சரியம். கேட்டதற்கு, "எனக்கு அவர் இல்ல. இருக்கிறவங்களுக்காவது முழுசா இருக்கட்டும்," என்றார். இதில் கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று அன்றைக்கு முழுதும் எனக்கு விளங்கவில்லை.

தாள்கள் அச்சாகி வந்தன. நான் மடிக்க ஆரம்பித்தேன். முதல் இரண்டு பாரமும் கண்ணாடி போல இருந்தன. மூன்றாவது பாரத்தில், எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு ஒன்று வரும். 'உன்னைத்தேடி வந்தேன்' என்று தொடங்கும். மடிக்கிற சாக்கில் மெதுவாக வாய்க்குள் பாடிக்கொண்டே விரலை வைத்துப் படித்தேன். வரியின் ஓரத்தில் விரல் நின்றுவிட்டது. அங்கே 'தே'க்கு முன்னால் வரும் கொம்பு மட்டும் தனியாக நின்றது. அதன் பின்னால் ஒரு சின்னக் கோடு. அடுத்த வரி 'தடி வந்தேன்' என்று தொடங்கியது.

மறுபக்கம் திருப்பினேன். அங்கேயும் இரண்டு இடத்தில் கொம்பு ஒரு வரியில், எழுத்து ஒரு வரியில். படித்தவர்கள் கண்ணை ஓடவிட்டுப் படிப்பார்கள், அவர்கள் இதைத் தாண்டிப் போயிருப்பார்கள். நான் கூட்டிப் படிப்பவள். என் விரல் ஒவ்வொரு பள்ளத்திலும் விழும். மூவாயிரம் தாளும் இப்படித்தான் அடித்துக் கிடக்கிறது.

ஒரு தாளை முந்தானைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு அண்ணனின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். அவர் தாளைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். நான் எதிர்பார்க்காத ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறார்.

"கடவுள்கிட்ட தடியோட போறாங்களா? போகட்டும்மா. ரொம்ப நாளாப் பதில் சொல்லாம இருக்காருல்ல."

"அண்ணே, இது சிரிக்கிற நேரமா? உங்க வேலை போயிரும்!"

அப்புறம்தான் சிரிப்பு நின்றது. திரையில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார்.

"அந்தப் பாட்டெல்லாம் இருவது வருஷத்துக்கு முந்தின கோப்புலேருந்து எடுத்தேன். பழைய காலத்து எழுத்து. திரையில பாத்தா தமிழ், உள்ள கிடக்கிறது ஆங்கில எழுத்து. வேஷம் போட்ட எழுத்தும்மா. மத்த பாரத்துல எல்லாத்தையும் நல்ல தமிழா மாத்தி, இது தமிழ்னு சொன்னேன். இந்தப் பதினாறு பக்கத்துக்கு மட்டும்..." நிறுத்திக்கொண்டார். "பக்கத்துல இருந்த ஆங்கிலப் பாட்டோட அமைப்பு அழகா இருந்துச்சு. அப்படியே எடுத்து இது மேல போட்டேன். இது ஆங்கிலம்ங்கிற குறிப்பும் அதோட ஒட்டிக்கிட்டு வந்துருச்சு. மாத்தவும் இல்ல, சொல்லவும் இல்ல. ஆங்கிலம்னு நெனச்சு ஆங்கிலத்துக்கு உடைக்கிற மாதிரி உடைச்சுருச்சு."

எனக்கு முழுதும் விளங்கவில்லை. ஆனால் ஒன்று பளிச்சென்று விளங்கியது. சொல்லை உடைத்தது மென்பொருள். உடைத்தது அது என்றால் தப்பும் அதனுடையது என்று சொல்லலாம் அல்லவா?

இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. நாளுக்கு இரண்டு வேளை கும்பிடுகிற நான் சொன்னேன்: "அண்ணே, மிஷின்தான் உடைச்சுதுன்னு சொல்லிருங்க."

"ம்?"

"புதுசா வந்தது, தமிழ் சரியாத் தெரியல, உடைச்சுப் போட்டுருச்சுன்னு சொல்லுங்க. முதலாளிக்கு என்ன தெரியும்? நம்பிருவாரு. அதுக்கு உயிரா இருக்கு? அது மேல பழி போட்டா பாவம் இல்லண்ணே. டை கட்டினவர் வந்து வாங்கிக் கட்டிக்குவாரு. உங்க நாற்காலி நிக்கும்."

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் நிமிர்ந்து நான் பார்த்தது அநேகமாக அன்றைக்குத்தான்.

"நீயா பேசுற?" என்றார். "கும்புடற ஆளு நீயா?"

அதற்குள் கதவு திறந்தது. முதலாளி. என் கையில் இருந்த தாளையும் எங்கள் மூஞ்சியையும் பார்த்ததுமே அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. தாளை வாங்கிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு முதலில் ஒன்றும் தட்டுப்படவில்லை. அண்ணன் எழுந்து வந்து விரலை வைத்துக் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு, யாருக்காக என்ன வேண்டுவது என்றே தெரியாமல் வேண்டினேன்.

"இது எப்படி ஆச்சு?" என்றார் முதலாளி. "மென்பொருளோட கோளாறா? சொல்லுங்கண்ணே. அந்த டைக்காரனை இப்பவே வரச் சொல்றேன். நாற்பது மொழி தெரியும்னானே! கோளாறுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, பெட்டியோட திருப்பி அனுப்பிடறேன்."

அவர் வாயாலேயே வழியைத் திறந்து வைத்துவிட்டார். அண்ணன் தலையை ஆட்டினால் போதும். பேசக்கூட வேண்டாம். அந்த நிமிஷம் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது: சுவரில் நாள்காட்டி, மேசையில் பாதி கடித்த பிஸ்கட், திரையில் அந்தத் தனிக் கொம்பு.

"இல்ல முதலாளி," என்றார் அண்ணன். "அது ஒழுங்காத்தான் இருக்கு. அதுக்கு இது தமிழ்னு நான் சொல்லல. தப்பு என்னோடது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் அன்னைக்கு என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"பின்ன?"

"நித்தம் ரெண்டு வேளை அதத் திட்டுறவன்தான் நான். திட்டுறது வேற, பொய்ச் சாட்சி சொல்றது வேற. நாளைக்கு நீங்க அதத் திருப்பி அனுப்பிட்டா, கெட்டிக்காரப் பய ஒருத்தன நான் காட்டிக்குடுத்ததா ஆயிரும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பெரிய சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மாசக் கடைசி வரைக்கும் இருங்கண்ணே," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். எல்லோர் முன்னாலும் சொன்ன வார்த்தை. அதை விழுங்கினால் நாளை யாரும் மதிக்க மாட்டார்கள் என்ற பயம் அவருக்கு. போகும்போது கதவைச் சாத்தாமல் போனார், திரும்ப வருகிறவர் மாதிரி. வரவில்லை.

அந்தப் பதினாறு பக்கத்தையும் அண்ணனே உட்கார்ந்து சரிசெய்தார். இந்த முறை தாளில் அடித்து, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "கூட்டிப் படி, எங்கயாவது விரல் நிக்குதான்னு பாரு," என்றார். மூன்று நாள் படித்தேன். வாழ்க்கையில் நான் அத்தனை பாட்டு ஒரே மூச்சில் பாடியதில்லை. "ராகம் போடாதம்மா, எழுத்த மட்டும் படி," என்று அவர் கெஞ்சியும் ராகம் தானாக வந்தது. அந்தப் பாரம் மறுபடி அச்சாகி, நான் மடித்துத் தைத்து, சொன்ன நாளில் புத்தகம் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் எல்லோரும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். யாரும் ஓரத்தைப் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன்.

மாசக் கடைசிவரை அண்ணன், உடைக்கக் கூடாத சொற்களின் அந்தப் பட்டியலில் சொற்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். மருந்துப் பெயர், ஊர்ப் பெயர், வாடிக்கைக்காரர்களின் பெயர். கடைசி நாள் நான் எட்டிப் பார்த்தபோது முதலாளியின் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இவருக்குமா அண்ணே?"

"பாவம்மா. இனிமே இவரே பட்டனத் தட்டப் போறாரு. தன் பேரையே ரெண்டா உடைச்சுட்டு நிப்பாரு. பாக்கச் சகிக்காது."

எழுந்தார். நாற்காலியில் இருந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டார். கண்ணாடியைத் துடைத்தார். அவ்வளவுதான் பிரிவுபசாரம். முதலாளி அன்றைக்கு வெளியூர் வேலை என்று போய்விட்டார். வேலை ஒன்றும் இல்லை, பார்க்கத் தெம்பில்லை என்று அச்சு ஓட்டுபவர் சொன்னார்.

இரண்டு மாதம் அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணிக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாராம். "சட்டைக்கு மேலேயிருந்து கீழ எண்ணிக்கிட்டே இருக்காரும்மா, எங்கயாவது ஏணி வந்துருச்சான்னு," என்றார் அண்ணி. பிறகு வாடகை கட்ட முடியாமல் மகள் ஊருக்குக் கிளம்பினார்கள்.

பேருந்து நிலையத்துக்கு வழியனுப்பப் போனேன். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அண்ணி பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். தையல் மிஷினை ஏற்ற நடத்துநர் யோசித்தார். "உன் மடியிலயா வைக்கிறேன்? மேல வைப்பா," என்று அண்ணி அதட்டியதும் ஏற்றிவிட்டார். அண்ணன் சன்னலோர இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். நான் கீழே நின்றேன். இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு அந்தப் பாட்டு என் கண்ணுல படாம இருந்திருந்தா, உங்களுக்கு இது வந்திருக்காது. நான்தான் உங்க வேலையக் கெடுத்தேன்."

"பைத்தியமா நீ? உன் கண்ணுல படலன்னா மூவாயிரம் பேரு கையில அது போயிருக்கும். இந்த மருமகன் வீட்டு நாற்காலியிலகூட உக்கார யோக்கியத இல்லாமப் போயிருப்பேன்."

"பொய் சொல்லச் சொன்னேனே, அதுக்காவது மன்னிச்சுருங்க."

"அதுக்கு உன் ஆளுகிட்ட கேளு."

வண்டி உறுமியது. அண்ணி சன்னல் வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்களுக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிறேன் என்றேன். அண்ணன் சன்னல் கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார்.

"எனக்காக ஒண்ணும் கேக்காத. அன்னைக்கு அந்தத் தாளு உன் கையில மாட்டுச்சுல்ல, அதுக்கு மட்டும் என் சார்புல ஒரு நன்றி சொல்லிரு. நானே சொல்லலாம். ஆனா எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்ல."